ஒரே மூச்சில் நாப்பது

பஸ் படியிலதான் மொத மொத தெரிஞ்சுச்சு. பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டு, புத்தூர் போற பஸ்சு. காலைத் தூக்கிப் படியில வெக்கப் பாக்கறேன், கால் வரல. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா வரல. பின்னாடி நின்ன அம்மா, "ஏறு நைனா, இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற"ன்னு முதுகுல ஒரு இடி இடிச்சா. மரத்துப் போச்சு போலன்னு கம்பியைப் புடிச்சி உடம்பை இழுத்துகினு ஏறிட்டேன். இருபது வருசம் கபடி ஆடின காலு. நாலு பேரு சேந்து புடிச்சாலும் அவங்களையும் இழுத்துகினு போய்க் கோட்டைத் தொட்ட காலு. அதைப் போயி ஒரு பஸ் படி தோக்கடிச்சிடுமான்னு நெனச்சேன். திமிரு, வேற இன்னா.

இப்போ கைத்தடி வெச்சிகினு நடக்கறேன். ஸ்கூல் கிரவுண்டு ஓரத்துல சேர் போட்டு உக்காந்து விசில் ஊதறேன். "எப்படி சார் இருந்துச்சு"ன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சொல்லியிருக்கேன், முழுசா யாருக்கும் சொல்லல. சொல்லாம விட்ட பாகத்தை நெனச்சாத்தான் இப்பவும் வெக்கமா இருக்குது. அதனால எழுதியே வெச்சிடறேன்.

என் பேரு தேசப்பன். ரெய்டர். எதிர் டீம் கோட்டுக்குள்ள தனியா போய், ஆளைத் தொட்டுட்டு, ஒரே மூச்சுல "கபடி கபடி"ன்னு விடாம சொல்லிகினே திரும்பி வர்றவன்தான் ரெய்டர். அப்படிச் சொல்றதுக்கு எங்க பக்கத்துல தெலுங்குல கூதன்னு பேரு. கூத அறுந்தா, நடுவுல மூச்சு எடுத்தா, அவுட்டு. சித்தூர் ஜில்லாவுல என் கூத மாதிரி நீளமான கூத எவனுக்கும் கெடையாதுன்னு சொல்வாங்க. சொல்லிக்கட்டும், கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

சித்தூர்ல நடந்த ஒரு ஃபைனலுக்கு ஒரு கவர்மெண்டு கம்பெனியில இருந்து ஆள் எடுக்க வந்திருந்தாங்க. ஆட்டக்காரனுக்கு வேலை. பென்ஷனோட, குவாட்டர்ஸோட. கடைசி ரெய்டு என்னுது. ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் திரும்பறேன், நடுக்கோட்டுக்கு ரெண்டு அடிதான் பாக்கி. விசில். "கூத தப்பு"ன்னு அம்பயர் கையைத் தூக்கிட்டான். அந்த அம்பயர் யாரு? முனிரத்தினம். வெதுருகுப்பத்து ஆளு. என் பொண்டாட்டி கஸ்தூரியோட சொந்த அக்கா புருசன். என் சகலை.

ஆட்டம் போச்சு, வேலையும் போச்சு. அடுத்த வருசம் அந்தக் கம்பெனியே ஆள் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. எல்லாம் பிரைவேட்டுக்குப் போகப் போகுதுன்னு பேச்சு. நான் ஸ்கூல்ல கான்ட்ராக்டு கோச்சா சேந்தேன். நான் தேத்தி விட்ட பசங்க எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டியில ஏறிப் போய்ட்டாங்க. முனிரத்தினம் டிரைவர் வேலைக்குக் குவைத் போய், சம்பாதிச்சிகினு வந்து திருப்பதியில ஆட்டோ ஓட்டிகினு இருந்தான். பதினாலு வருசமா எங்க ரெண்டு வூட்டுக்கும் பேச்சே கெடையாது. "நான் மூச்சு திருடவே இல்ல, சொந்த சகலையே வவுறு எரிஞ்சு என்னைக் கவுத்தான்"னு ஊரெல்லாம் சொன்னேன். கஸ்தூரி அதை அப்படியே நம்பினா. கூடப் பொறந்த அக்காவோட பேசறதை நிறுத்தினா. அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வந்த பத்திரிகையை ஒடைக்காமலே அரிசி டின்னு மேல போட்டு வெச்சிருந்தா.

சரி, நோவுக்கு வர்றேன்.

பஸ் படிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, வரதய்யபாளையத்துல ஒரு டோர்னமெண்டுக்குப் பசங்களை இட்டுகினு போயிருந்தேன். அங்க எதையோ துன்னு மூணு நாள் வவுத்தால போச்சு. அது நின்னுடுச்சு. அப்புறம் பாதத்துல எறும்பு ஊற மாதிரி. அப்புறம் அந்தப் படி. மறுநாள் காலையில கக்கூஸ் போனவன் எழுந்திரிக்க முடியாம, கஸ்தூரியைக் கூப்பிட்டுக் கதவை ஒடைக்கச் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஆம்பளை, கோச்சு, ஊரே சார்னு கூப்பிடற ஆளு! அந்த மானக்கேட்டை என்னன்னு சொல்றது?

புத்தூர் டாக்டர் சின்ன சுத்தி மாதிரி ஒண்ணால முட்டிக்குக் கீழ தட்டினார். தட்டினா கால் ஆடணும். ஆடல. "லேட் பண்ணாம திருப்பதி போங்க"ன்னார்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில மொதல்ல பாத்தது ஆளுங்களைத்தான். பாதிப் பேரு மொட்டை. மலை ஏறி முடி குடுத்துட்டு வந்தவங்க. மீதிப் பேரு குடுக்கப் போறவங்க. ஓ.பி. வரிசையில சக்கர நாற்காலியில நாலு மணி நேரம். அப்புறம் என்னைச் சுருட்டிப் படுக்க வெச்சி, முதுகுத் தண்டுல ஊசி போட்டுத் தண்ணி மாதிரி கொஞ்சம் எடுத்தாங்க. காலுலயும் கையிலயும் கரண்டு வெச்சி, நரம்பு எவ்வளவு வேகமா சேதி கொண்டு போகுதுன்னு பாத்தாங்க. டூட்டி டாக்டரம்மா மதனப்பள்ளிப் பொண்ணு, தெலுங்குலதான் பேசுவாங்க. நோவுக்குப் பேரு கில்லன் பாரேன்னு சொல்லி, எனக்குப் புரியற மாதிரி இப்படி வெளக்கினாங்க: கரண்டு ஒயருக்கு மேல ரப்பர் இருக்குதில்ல, அது மாதிரி நரம்புக்கு மேல ஒரு ஒறை இருக்குது. வவுத்துக் கிருமியைத் தொரத்தப் பொறப்பட்ட ஒங்க ஒடம்போட சொந்த ஆளுங்களே, ஆளு தெரியாம அந்த ஒறையைக் கடிச்சிகினு இருக்காங்க. கீழ இருந்து மேல ஏறும். எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. நின்னா, தானா மெதுவா எறங்கும்.

"மேல ஏறினா இன்னா ஆகும்?"னு கஸ்தூரி கேட்டா.

"மூச்சு விடற தசைக்கு வந்தா மெஷின் வெக்கணும்மா. அதைத்தான் கவனிச்சிகினே இருப்போம்."

அஞ்சு நாளைக்கு தெனம் போடற ஒரு ஊசி மருந்து. வெலை கேட்டதும் எனக்கு மயக்கமே வந்துச்சு. கஸ்தூரி ஒடனே ஊருக்குப் போய், கறந்துகினு இருந்த ரெண்டு மாட்டையும் வித்துட்டு மறுநாளே வந்தா. "மாடு போனா போவுது, சாணி அள்ற வேலை மிச்சம்"னா. அவ கையில அப்பவும் வைக்கோல் வாசனை இருந்துச்சு.

மூச்சை எப்படிக் கவனிப்பாங்கன்னா, அது ரொம்ப சுலுவான டெஸ்டு. நல்லா இழுத்து மூச்சு எடுத்துகினு, ஒரே மூச்சுல எவ்வளவு எண்ண முடியுதுன்னு பாப்பாங்க. "ஒக்க ஊபிரிலோ லெக்க பெட்டண்டி"ன்னு டாக்டரம்மா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அம்மாடி, யாருகிட்ட கேக்கற! ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகுன்னு ஆரம்பிச்சி அம்பது தாண்டிட்டேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. டாக்டரம்மா கை தட்டினாங்க.

பக்கத்து பெட்டுல ஏகாம்பரம்னு ஒரு நகரிக்காரரு, பவர்லூம் ஓட்டறவர். அவருக்கும் கைகால் விழற வியாதி, ஆனா வேற மாதிரின்னாங்க. அவரையும் எண்ணச் சொல்வாங்க. மொத நாள் இருபத்தஞ்சு, மறுநாள் பதினெட்டு. மூணாம் நாள் பன்னெண்டுல நின்னுட்டாரு. ஒடனே நாலு பேரு வந்து கட்டிலோட தள்ளிகினு, வார்டுக்கு அந்தாண்ட இருக்கற ஐ.சி.யூ. கதவுக்குள்ள போய்ட்டாங்க. போகும்போது என்னைப் பாத்து, "சார், என் தட்டைப் பாத்துக்குங்க"ன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு அவர் சம்சாரம் வந்து அந்தத் தட்டையும் தலைகாணியையும் எடுத்துகினு போச்சு. அது முகத்தைப் பாத்து நான் ஒண்ணும் கேக்கல.

அந்த நிமிசம் முடிவு பண்ணிட்டேன். எது வேணா ஆகட்டும், அந்தக் கதவுக்குள்ள நான் போக மாட்டேன்.

அப்போ காலு ரெண்டும் சுத்தமாப் போயிடுச்சு. கை தூக்க வரல. கஸ்தூரிதான் ஊட்டுவா. முழுங்கினா பொறை ஏறும். மல்லாந்து படுத்துகினு ஃபேனையே பாத்துகினு இருப்பேன். மூக்குல ஈ உக்காந்தா ஓட்ட முடியாது. ஒடம்புக்குள்ள என்னை வெச்சி தாப்பா போட்ட மாதிரி. என் கையில மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, அந்த எண்ணிக்கை. அது மட்டும் எறங்காம இருந்தா அந்தக் கதவு தெறக்காது.

அஞ்சாம் நாள் எண்ணும்போது இருபதுலயே நெஞ்சு காலி ஆயிடுச்சு. அப்போ நான் பண்ண காரியம் கபடிக்காரன் மட்டும்தான் பண்ணுவான்.

மூச்சு திருடினேன்.

கூதையில மூச்சு திருடறதுன்னா இப்படி: வாய் நிக்கக் கூடாது, சத்தமும் அறுந்த மாதிரி தெரியக் கூடாது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல உதட்டை மூடற நேரத்துல மூக்கால ஒரு சொட்டு இழுத்துக்கணும். தெலுங்கு எண்ணிக்கை அதுக்கு ரொம்பத் தோது. மூடுல ஒரு சொட்டு, எட்டு வந்தா எனிமிதில ஒரு சொட்டு, ஒம்பது வந்தா தொம்மிதில ரெண்டு சொட்டு. நாப்பது வரைக்கும் எண்ணினேன். டாக்டரம்மா "குட்"னு எழுதிகினு போனாங்க. மறுநாளும் நாப்பது. அதுக்கு மறுநாளும் நாப்பது. அவங்க தப்பு ஒண்ணும் இல்ல. உசுருக்குப் பயந்து கெடக்கறவன் டாக்டரையே ஏமாத்துவான்னு யாருதான் நெனப்பாங்க?

கஸ்தூரி பெருமையா அக்கம்பக்கத்துல சொல்லிகினு இருந்தா. "கை கால் போனாலும் எங்காளு கூத போவல பாரு." எனக்கு நாக்கு வறண்டுகினு இருந்துச்சு. முழு வாக்கியம் பேசினா திணறுது. தூங்கப் பயமா இருந்துச்சு, தூக்கத்துல மூச்சு விட மறந்துட்டா? ராத்திரி முழுக்க கண்ணை முழிச்சிகினு ஒவ்வொரு மூச்சையும் நானே கையால தள்ளற மாதிரி தள்ளிகினு இருந்தேன். கஸ்தூரிகிட்ட சொல்லலாம். சொன்னா டாக்டர்கிட்ட ஓடுவா. கதவு தெறக்கும். சொல்லல.

அன்னைக்கு சாயந்திரம் விசிட்டர் டைம். கால்மாட்டுல ஒருத்தன் வந்து நின்னான். காக்கிச் சட்டை, தலை நரைச்சு, வயிறு கொஞ்சம் வெச்சு. முனிரத்தினம்.

கஸ்தூரி சட்டுனு எழுந்தா. "எதுக்கு வந்தே? பொழைச்சிகினானா செத்தானான்னு பாக்க வந்தியா?"

"ஆட்டோ ஸ்டாண்டுல சொன்னாங்கம்மா. அக்காதான் போயி பாத்துட்டு வான்னு அனுப்புச்சு."

"பாத்துட்டியா? கெளம்பு."

அவன் கெளம்பல. அந்த நேரம் பாத்து டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தாங்க. "தேசப்பா, லெக்க பெட்டு." நான் முனிரத்தினத்தைப் பாத்துகினே ஆரம்பிச்சேன். இவன் முன்னாடி எறங்கக் கூடாதுன்னு ஒரு வெறி வேற. ஒகட்டி, ரெண்டு, மூடு… பத்தெனிமிதி, பந்தொம்மிதி… இருபது தாண்டி இரவை மூடுல ஒரு சொட்டு…

"கூத தப்பு!"

வார்டே அதிர்ந்துச்சு. கையைத் தூக்கிகினு நிக்கறான், கிரவுண்டுல நிக்கற மாதிரி.

"டாக்டரம்மா, இவன் மூச்சு திருடறான். வாயைப் பாக்காதீங்க. தொண்டைக்குழியைப் பாருங்க."

"யோவ், வாயை மூடு!"ன்னு கஸ்தூரி கத்தினா. டாக்டரம்மாவுக்குப் புரியல. அவன் கிட்ட வந்து, என் கழுத்துக்குக் கீழ ரெண்டு எலும்பும் சேர்ற குழியைக் காட்டினான். "இங்க உள்ள இழுக்குது பாருங்க. இழுத்தா மூச்சு எடுத்துட்டான்னு அர்த்தம்." டாக்டரம்மா அந்தக் குழியில வெரலை வெச்சாங்க. "இப்போ எண்ணுங்க."

வெரல் இருக்கும்போது எப்படித் திருடறது? ஒம்பதுல நின்னுட்டேன்.

அவங்க முகம் மாறிடுச்சு. அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். நாலு பேரு வந்தாங்க, கட்டில் நகந்துச்சு, கதவு தெறந்துச்சு. நான் கடைசியா கேட்டது கஸ்தூரி குரல்: "பாவி, ஒரு தரம் வேலையைக் கெடுத்தே, இப்போ ஆளையே கெடுத்துட்டியே!"

ஒரு ராத்திரி விட்டிருந்தா தூக்கத்துலயே போயிருப்பேன்னு பெரிய டாக்டர் அப்புறமா சொன்னார். ஏகாம்பரத்துக்கு அந்தக் கதவு எமன் இல்லையாம். அவர் வந்ததே லேட்டு, நெஞ்சும் கெட்டிருந்துச்சாம். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

வாய் வழியா கொழாய் விட்டு மெஷின்ல போட்டாங்க. மெஷின் தள்ளும், நெஞ்சு ஏறும். மெஷின் விடும், நெஞ்சு எறங்கும். என் மூச்சு என்னுதே இல்ல. பத்து நாள் கழிச்சு கழுத்துல ஓட்டை போட்டு அதுல கொழாயை மாத்தினாங்க. கொழாய் இருக்கற வரைக்கும் பேச்சு வராது. கை அசையாது, முகம் கூட அசையல. எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. கண்ணு மட்டும்தான் நம்ம சொல் பேச்சு கேட்டுச்சு. ஒரு தரம் மூடினா ஆமா, ரெண்டு தரம் மூடினா இல்ல.

கஸ்தூரியை நாளைக்கு ரெண்டு வேளை உள்ள விடுவாங்க. "வலிக்குதா? குளுருதா? காலை மாத்திப் போடச் சொல்லட்டா?" நான் கண்ணை மூடி மூடி பதில் சொல்வேன். அவ காலைப் புடிச்சி விட்டுகினே பேசுவா. "அந்த ஆளு தெனம் வந்து வெளியில குந்திகினு இருக்கறான். ஊருக்குப் போகணும்னா ஆட்டோல வுடறேன்றான். நான் ஏறுவனா? உன் வாழ்க்கையைக் கெடுத்தவன் வண்டியில ஏற எனக்கு இன்னா தலையெழுத்தா? அவளும் அக்காவாம், அக்கா!"

இதைக் கேட்டுகினு கெடந்தேன் பாருங்க, அதுதான் அந்த ஆஸ்பத்திரியிலயே பெரிய தண்டனை. ஏன்னா எனக்கு உண்மை தெரியும். சித்தூர்லயும் நான் திருடினேன். ரெண்டு அடிதான் பாக்கி, நெஞ்சு காலி, ஒரே ஒரு சொட்டு மூக்கால இழுத்தேன். ஆயிரம் பேரு வாயைப் பாத்தாங்க, அவன் ஒருத்தன் குழியைப் பாத்தான். பாத்தது சொந்த சகலையா இருந்தாலும் கையைத் தூக்கினான். நான் பதினாலு வருசமா அவனைத் திருடன் மாதிரி ஆக்கி வெச்சிருந்தேன்.

சொல்லணும்னு துடிச்சேன். எப்படிச் சொல்றது? கேக்கற கேள்விக்குத்தான் கண்ணு பதில் சொல்லும். "அன்னைக்கு நீ திருடினியா?"ன்னு கஸ்தூரி கேக்கவே மாட்டா, அவளுக்குத்தான் சந்தேகமே கெடையாதே. நான் அழுதா, "வலிக்குது போல"ன்னு நர்ஸைக் கூப்பிடுவா. நர்ஸு ஊசி போட்டுட்டுப் போய்டும். வாய் இருந்த காலமெல்லாம் பொய் சொன்னேன், உண்மை சொல்ல நெனச்சப்போ வாய் இல்ல. போதுமா எனக்கு?

முப்பத்தஞ்சாம் நாளு மொத மொத தோள் அசைஞ்சுச்சு. மெஷினை அஞ்சு நிமிசம் நிறுத்திப் பாத்தாங்க, அப்புறம் அரை மணி, அப்புறம் அரை நாளு. ஒரு நாள் காலையில கழுத்துக் கொழாயை மூடி, "பேசுங்க"ன்னாங்க டாக்டரம்மா. காத்துதான் வந்துச்சு. அப்புறம் தவளை மாதிரி ஒரு சத்தம். கஸ்தூரி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திகினா.

"லெக்க பெட்டண்டி"ன்னு டாக்டரம்மா குழியில வெரலை வெச்சாங்க. வெரல் தேவையே இல்ல. ஒகட்டி, ரெண்டு, மூடு… ஏடு. ஏழோட நின்னேன்.

"ஏழு!"ன்னு கஸ்தூரி சிரிச்சிகினே அழுதா. "பரவால்ல, ஏழே போதும்யா. அந்தப் பாவி வராம இருந்திருந்தா இந்நேரம்…"

"கஸ்தூரி." குரல் எனக்கே அடையாளம் தெரியல. "சித்தூர்லயும்… திருடினேன்."

"இன்னா?"

"அவன் சொன்னது… சரி."

அவ கையில என் காலு இருந்துச்சு. மெதுவா கீழ வெச்சா. திட்டுவான்னு நெனச்சேன், அடிச்சா கூட சந்தோசமா இருந்திருக்கும். கதவைத் தெறந்துகினு வெளிய போய்ட்டா. ரொம்ப நேரம் வரல. நான் எழுந்து போய்ப் பாக்கற நெலமையிலயா இருந்தேன்? கதவையே பாத்துகினு கெடந்தேன். எந்தக் கதவுக்குள்ள போக மாட்டேன்னு அவ்வளவு ஏமாத்தினேனோ, அதே கதவு.

வந்தப்போ கண்ணு வீங்கியிருந்துச்சு. பின்னாடியே முனிரத்தினம் தயங்கித் தயங்கி வந்தான்.

"மாமா ஆட்டோல போய் எஸ்.டி.டி. பூத்துல இருந்து வெதுருகுப்பத்துக்கு, அக்காவுக்குப் போன் போட்டேன்"னா. பதினாலு வருசம் கழிச்சு அவ வாயில மாமான்னு வந்துச்சு. "பேசவே முடியல. நான் அழுவறேன், அது அழுவுது. எதுக்குன்னு அது கேட்டுச்சு. நான் சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு வருது. நீ சொல்லு. உன் வாயால சொல்லு. மூச்சு திருடாம சொல்லு."

முனிரத்தினம் என் கழுத்தையே பாத்துகினு நின்னான். "வுடும்மா, நோவாளி"ன்னான். அவ்வளவுதான் அவன் பேசினது.

மறுநாள் அக்கா வந்துச்சு. வேத்து ஆளு மாதிரி கட்டில் ஓரத்துல நின்னுச்சு. கஸ்தூரி என் தலையை ஒசத்தி வெச்சா. என்கிட்ட இருந்தது ஏழு வரைக்கும் எண்ணற அளவு மூச்சு. சொல்ல வேண்டியது அதைவிட நீளம்.

"அக்கா… அவரு மேல… தப்பு இல்ல."

நிறுத்தினேன். வாயைத் தெறந்து, தோளு ஏற, எல்லாருக்கும் தெரியற மாதிரி மூச்சு எடுத்தேன்.

"நான்தான்… திருடினேன்."

மறுபடியும் நிறுத்தி எடுத்தேன். யாரும் விசில் ஊதல.

"மன்னிச்சிடு."